ராமநாதபுரம் கடற்கரையில் குதிரை மருத்துவம்: புதிதாக வரும் கால்நடை மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்குக் கால்நடை உதவி மருத்துவராக வருபவருக்கு ஆடு, மாடு, கோழியிலேயே நாள் ஓடிவிடும். குதிரை எப்போதாவதுதான் வரும். வரும்போது பெரும்பாலும் முற்றிய நிலையில் வரும், அகால நேரத்தில் வரும், கூடவே நான்கைந்து பேர் பதறிக்கொண்டு நிற்பார்கள். கல்லூரியில் படித்த குதிரைப் பாடம் அந்த நேரத்தில் பாதிதான் நினைவுக்கு வரும். அந்தப் பாதியிலும் சில விஷயங்கள் இப்போது மாறியிருக்கும்.

இந்தக் கரைக்குக் குதிரை புதிதில்லை. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இந்தப் பக்கத்துத் துறைகளில் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பராமரிக்கத் தெரியாததால் அந்தக் குதிரைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன என்று எழுதிவைத்தார். குதிரைக்குப் பண்டுவம் பார்க்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவே விடவில்லை, செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்றும் சொல்கிறார். அன்றைக்கு அறிவைத் தடுத்து வைத்தார்கள். இன்றைக்கு அது பெரும்பகுதி காசில்லாமல் கைபேசியிலேயே கிடைக்கிறது. எதை, எந்த வரிசையில் படிப்பது என்பதுதான் கேள்வி. என் கருத்து இது: உலகத்துக் குதிரை மருத்துவம் முழுவதையும் துரத்தாதீர்கள். உங்கள் எல்லைக்குள் இருக்கும் குதிரைக்கு என்ன வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் குதிரைகளைக் கணக்கெடுங்கள்

பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிடலாம். ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகள், கோயில் திருவிழாக்களில் வண்டிப் பந்தயம் ஓடும் குதிரைகள், கல்யாண ஊர்வலத்துக்கும் ஏர்வாடி சந்தனக்கூடு போன்ற விழாக்களுக்கும் வருபவை, தோப்பில் ஆசைக்கு வளர்க்கும் மார்வாரி, காட்டியவாரி இனக் குதிரைகள், அப்புறம் மட்டக்குதிரைகள். ஒவ்வொன்றின் சிக்கலும் வேறு. பந்தயக் குதிரைக்குக் காலும் மூச்சும், சவாரிக் குதிரைக்கு முதுகுப் புண்ணும் குளம்பும், தோப்புக் குதிரைக்கு அதிகத் தீனி.

கழுதையையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் கழுதைகள் சுமார் 1.2 லட்சம்தான் மிஞ்சியிருந்தன. முந்தைய கணக்கெடுப்பைவிட 61 சதவீதம் குறைவு. குதிரையும் மட்டக்குதிரையும் சேர்ந்து 3.4 லட்சம். எண்ணிக்கை குறையக் குறைய இவற்றைப் பார்க்கத் தெரிந்த கைகளும் குறைகின்றன. அதனால்தான் புதிதாக வருபவர் படித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கழுதையைச் சின்னக் குதிரை என்று நினைத்து மருந்து கொடுக்கவும் முடியாது. வலியை வெளியே காட்டாது, இரண்டு நாள் தின்னாமல் இருந்தாலே ரத்தத்தில் கொழுப்பு ஏறி ஆபத்தாகிவிடும், ஃப்ளூனிக்சின் போன்ற வலிமருந்துகள் அதன் உடம்பிலிருந்து குதிரையைவிட வேகமாக வெளியேறும்.

குதிரை எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும். பல மாநிலத்துக் குதிரைகள் அங்கே கலக்கின்றன. சந்தையிலிருந்து வரும் குதிரையை மூன்று வாரமாவது தனியே கட்டி, தினமும் காய்ச்சல் பார்க்கச் சொல்லுங்கள். ஆடி, ஆவணியில் மூக்கொழுகலோடு ஒரு குதிரை வந்தால் உங்கள் முதல் கேள்வியே "சந்தைக்குப் போனதா?" என்பதாக இருக்கட்டும்.

உங்கள் பாடத்திட்டத்தை இந்த மண்ணே எழுதித் தரும்

மணல், முள், வெக்கை, ஈ. இந்த நான்கையும் ஆழமாகப் படித்துவிட்டால் இங்கே வரும் குதிரைகளில் பாதிக்கு மேல் தைரியமாகக் கைவைக்கலாம்.

மணலை முதலில் எடுத்துக்கொள்வோம். கடலோரத்தில் கட்டுமிடமே மணல்தான். கொள்ளும் தவிடும் கீழே சிந்தினால் குதிரை உதட்டால் துழாவி மணலோடு பொறுக்கித் தின்னும். அது பெருங்குடலின் அடியில் போய்ப் படியும். சில மாதங்கள் கழித்து மெலிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, தண்ணீராகச் சாணம் என்று வெளியே தெரியும். சாணத்தில் ஐந்தாறு உருண்டைகளை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மெல்ல வடித்துவிட்டு அடியில் தங்கும் மணலைப் பாருங்கள். மணல் இல்லாவிட்டால் குடலிலும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், வயிற்றின் அடியில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் கேளுங்கள். மணல் நிறைய இருந்தால் அலை கரையிலிருந்து பின்வாங்கும்போது கேட்குமே, அதே சரசரப்பு குடல் அசையும்போதெல்லாம் கேட்கும். மட்டக்குதிரையாக இருந்து எக்ஸ்ரேயும் கிடைத்தால் படமே எடுத்துவிடலாம்.

மருந்து என்ன? இசப்கோல் கொடுப்பது பழைய வழக்கம். 2014-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் மணல் சேர்ந்த 34 குதிரைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, நான்கு நாள் மூக்குக்குழாய் வழியே மருந்து கொடுத்து எக்ஸ்ரேயில் ஒப்பிட்டார்கள். இசப்கோல் மட்டும் கொடுத்த 12-இல் 3, மக்னீசியம் சல்பேட் மட்டும் கொடுத்த 10-இல் 2, இரண்டையும் சேர்த்துக் கொடுத்த 12-இல் 9 குதிரைகளுக்கு மணல் வெளியேறியது. ஒவ்வொரு மருந்தும் கிலோ எடைக்கு ஒரு கிராம், நாளுக்கு ஒருமுறை. இரண்டுமே நம் ஊரில் மலிவாகக் கிடைப்பவை. நீர்ச்சத்து வற்றிய குதிரைக்கு முதலில் நீரேற்றிவிட்டுத்தான் மக்னீசியம் சல்பேட் பக்கம் போக வேண்டும். இப்படி ஒரு கட்டுரை போதும், உங்கள் ஒரு வருட வேலையை மாற்றிவிடும்.

அடுத்தது முள். சீமைக்கருவேலம் இல்லாத இடம் இந்த மாவட்டத்தில் ஏது? குளம்பின் அடியில் முள் ஏறி, மேலே துளை மூடி, உள்ளே சீழ் கட்டும். ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. வீட்டு விலங்குகளில் அதற்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். நான்கு காலையும் அகட்டி மரம்போல் நிற்பது, காது விறைப்பது, வால் தூக்குவது எல்லாம் பிறகு வரும். அதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிடலாம்: தாடையைப் பிடித்துத் தலையைச் சட்டென்று மேலே தூக்குங்கள், அல்லது கண்ணுக்குக் கீழே விரலால் லேசாகத் தட்டுங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு ஒன்று வெட்டி வந்து மறையும். அதைக் கண்டால் இருட்டான, சத்தமில்லாத இடத்துக்குக் குதிரையை உடனே மாற்றுங்கள்.

தடுப்பூசி எளிது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஊசி போடாத குதிரைக்குக் காயம் பட்டால் கிருமியின் நஞ்சை முறிக்கும் ஆன்டிடாக்சின் வேண்டும். இதில் ஒரு புதுச் செய்தி இருக்கிறது. ஆன்டிடாக்சின் போலக் குதிரைச் சீரத்தால் செய்த மருந்துகளைப் போட்ட சில வாரங்கள் கழித்துக் கல்லீரல் கெட்டுக் குதிரை சாவதை ஆர்னால்ட் தைலர் தென்னாப்பிரிக்காவில் 1918-லேயே கண்டார். காரணம் பிடிபடவே இல்லை. நூறு ஆண்டு கழித்து, 2018-இல், ஆன்டிடாக்சின் போட்டபின் இறந்த ஒரு அமெரிக்கக் குதிரையில் புதிய பார்வோவைரஸ் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இது தெரிந்த மருத்துவர் ஆன்டிடாக்சினைக் கைவிட மாட்டார். தடுப்பூசி ஒழுங்காகப் போட்ட குதிரைக்கு அதைத் தேவையில்லாமல் குத்தவும் மாட்டார். போட்ட குதிரையை அடுத்த பத்து வாரம் மஞ்சள் காமாலைக்காகக் கவனிக்கச் சொல்லியும் அனுப்புவார்.

வெக்கை. ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்த இடத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். ஓடி வந்த குதிரை மூச்சு வாங்குகிறது, உடம்பு கொதிக்கிறது, ஆனால் தோல் காய்ந்திருக்கிறது என்றால் அதுதான். வடநாட்டிலிருந்து புதிதாக வாங்கி வந்த குதிரையில் இதை எதிர்பாருங்கள். சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று குதிரைக்காரர்கள் இன்னும் நம்புகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆராய்ச்சிகளிலேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது. நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்ற வேண்டும். ஊற்றிய நீரை வழித்துவிட்டுக்கொண்டு நேரத்தைப் போக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம்.

ஈ பற்றிச் சுருக்கமாக. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பெருகும். கூடவே அவை பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோயான சர்ராவும் வரும். தின்றுகொண்டே மெலியும் குதிரை, விட்டுவிட்டுக் காய்ச்சல், காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம். ஒரே ஒரு ரத்தப் பூச்சில் கிருமி தெரியாமல் போகலாம், காய்ச்சல் ஏறும் நேரத்தில் திரும்ப எடுங்கள். குயினாபைரமின் கொடுத்தால் முழு அளவு கொடுங்கள். குறைத்துக் கொடுப்பது கிருமிக்குத்தான் பயிற்சி.

படிக்கும் வரிசை

ஒரு நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள நேராக ஆய்வுக் கட்டுரைக்குப் போகாதீர்கள். முதலில் எம்எஸ்டி கால்நடைக் கையேடு. இணையத்தில் இலவசம், அவசரத்துக்கு அதுவே போதும். இரண்டாவது, அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கமான ஏஏஇபி தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் வழிகாட்டு நெறிகள். மூன்றாவதாகத்தான் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட். 1968 முதல் வரும் ஈக்வைன் வெட்டர்னரி ஜர்னல் இந்தத் துறையின் முதன்மை இதழ். முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டாலும் சுருக்கத்தை அங்கே யாரும் படிக்கலாம். சர்வதேசக் கால்நடை மருத்துவத் தகவல் சேவையான ஐவிஐஎஸ் தளத்தில் பெயர் பதிந்தால் மாநாட்டுக் கட்டுரைகள் கிடைக்கும். இந்திய ஆய்வுகளுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐசிஏஆர் இதழ்களின் மின்தளம்.

வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். அந்த வாரம் பார்த்த ஒரு குதிரையை வைத்து ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு உட்காருங்கள். கேள்வி இல்லாமல் உட்கார்ந்தால் தலைப்புகளை மேய்ந்துவிட்டு எழுந்துவிடுவோம்.

குடற்புழு நீக்கம் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருந்தை மாற்றி மாற்றி எல்லாக் குதிரைக்கும் கொடு என்பதுதான் நம்மில் பலர் படித்த பாடம். ஏஏஇபி 2013-இல் நெறிமுறை வெளியிட்டு, 2019-இலும் 2024-இலும் அதைத் திருத்தியது. இப்போதைய நிலை: சாணத்தில் புழு முட்டைகளை எண்ணு, நிறைய முட்டை போடும் குதிரைக்குக் கூடுதலாகக் கொடு, மற்றதுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். ஃபென்பென்டசோல் வகை மருந்துகளுக்குச் சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்கள் உலகின் பல இடங்களில் பழகிவிட்டன என்பதே காரணம். முட்டை எண்ண மைக்ராஸ்கோப்பும் மெக்மாஸ்டர் கண்ணாடியும் செறிந்த உப்புக் கரைசலும் வேண்டும். வாலிநோக்கத்தில் உப்பளத்தை வைத்துக்கொண்டு உப்புக்கு அலைய வேண்டாம்.

வெளிநாட்டு நெறியை அப்படியே எடுக்காதீர்கள்

ஏஏஇபியின் கட்டாயத் தடுப்பூசிப் பட்டியலில் ரணஜன்னி, வெறிநோய், வெஸ்ட் நைல், கிழக்கு மேற்குக் குதிரை மூளைக்காய்ச்சல்கள் இருக்கின்றன. குதிரை மூளைக்காய்ச்சல்கள் இரண்டும் அமெரிக்கக் கண்டத்து நோய்கள். நமக்கு முதல் இரண்டும்தான் உயிர்நாடி. தெருநாய் நிறைந்த ஊரில் குதிரைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொல்ல ஏனோ தயங்குகிறோம், தயங்கக் கூடாது.

அளவையும் அப்படியே எடுக்க முடியாது. கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் 500 கிலோ குதிரை. உங்கள் முன்னால் நிற்பது 200 கிலோ மட்டக்குதிரை. கண்ணால் பார்த்து எடை சொல்லாமல் நாடாவை எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ எடை. சுற்றளவு 140, நீளம் 120 என்றால் 198 கிலோ.

ஆய்வைப் படிக்கும்போது எத்தனை குதிரை, ஒப்பிட ஒரு கூட்டம் இருந்ததா, முடிவை எப்படி அளந்தார்கள் என்று மூன்றையும் பாருங்கள். மேலே சொன்ன மணல் ஆய்வு சிறியது. ஆனால் ஒப்பீடு உண்டு, அளவுகோல் எக்ஸ்ரே. அதனால் நம்பி எடுக்கிறேன். மருந்து நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருக்காது.

சட்டம் மாறுவதையும் படியுங்கள்

பழைய குறிப்பேட்டில் இருக்கும் வலிமருந்துகளில் சில இன்று சட்டப்படி கால்நடைக்குக் கொடுக்கக் கூடாதவை. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதால் டைக்ளோஃபெனாக் 2006-இல் தடை. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-இல். நிமெசுலைடு 2024 டிசம்பர் கடைசியில். கீட்டோபுரோஃபென் குதிரைக்கு நன்கு பழக்கப்பட்ட மருந்து என்பதால் இன்னும் சிலர் கேட்பார்கள். மெலாக்சிகம் கழுகுக்குப் பாதுகாப்பானது, குதிரைக்கும் நன்றாகக் கேட்கும்.

வயிற்றுவலிக்கு ஃப்ளூனிக்சின் கொடுத்தால் சிரையில் கொடுங்கள். தசையில் போட்ட இடத்தில் குளோஸ்ட்ரிடியம் கிருமி பெருகித் தசை அழுகிய குதிரைகள் உண்டு. கொடுத்த நேரத்தையும் எழுதிவையுங்கள். வலி அடங்கிவிட்டதாலேயே குடல் முறுக்கு சரியாகிவிட்டதாக ஆகாது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-க்கு மேலேயே நின்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் நொண்டும் குதிரையோடு வந்து, "ஓடுற அளவுக்கு ஒரு ஊசி மட்டும் போடுங்க சார்" என்பார்கள். போடாதீர்கள். வலி தெரியாமல் ஓடும் குதிரை முழுக்காலையும் உடைத்துக்கொள்ளும்.

தனியாக நிற்காதீர்கள்

ராமநாதபுரத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள். அறுவை சிகிச்சைத் துறையில் குதிரை பார்க்கும் ஆசிரியர் ஒருவரையாவது முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்து எண் வாங்கிவையுங்கள். நள்ளிரவில் முதல் முறையாகப் பேசுவது இருவருக்குமே சங்கடம். சென்னை வேப்பேரியின் 1903-இல் தொடங்கிய கல்லூரிக்குக் குதிரை மருத்துவத்தில் நீண்ட பழக்கம் உண்டு.

குதிரைகளுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிறது, 1985-இல் தொடங்கப்பட்டது. சர்ரா, குதிரைக் காய்ச்சல், தொற்று ரத்தசோகை, கிளாண்டர்ஸ் எல்லாவற்றுக்கும் பரிசோதனை அங்கே நடக்கிறது. உண்ணிகளால் பரவும் பைரோபிளாஸ்மோசிஸ் நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பு 2025-இல் அதைத் தன் ஆதார ஆய்வகமாக (ரெஃபரன்ஸ் லேப்) அறிவித்தது. மாதிரி அனுப்புவதற்கு மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு வழியே போங்கள். எந்தக் குழாயில், எந்தக் குளிர்ச்சியில், எந்தப் படிவத்தோடு என்பதை நோய் வருவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிளாண்டர்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்குத் தளர்வே கிடையாது. மூக்கில் பிசுபிசுப்பான சீழ், மூக்கினுள் புண், காலிலோ உடம்பிலோ வரிசையாக உடையும் கட்டிகள் என்றால் முகக்கவசமும் கையுறையும் போடாமல் கிட்டே போகாதீர்கள். மனிதருக்கும் தொற்றிக் கொல்லும். 2009 கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி தெரிவிப்பது கடமை. தேசியச் செயல்திட்டம் 2019-இல் வந்து 2025-இல் திருத்தப்பட்டது. திருத்திய பதிப்பைப் பதிவிறக்கிக் கைபேசியில் வைத்திருங்கள்.

உலக விலங்கு நல அமைப்பின் நோய் அறிக்கைத் தளத்தையும் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். 2020-இல் தாய்லாந்தில் முதன்முறையாக ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. கொசுவைவிடச் சிறிய பூச்சி பரப்பும் நோய் அது. 1960-இல் இந்தியாவுக்குள்ளும் வந்தது.

படித்ததைக் கொட்டகைக்குக் கொண்டுபோங்கள்

ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எடை, நாடி, காய்ச்சல், கொடுத்த மருந்து, பத்து நாள் கழித்து என்ன ஆனது. இந்தக் கடைசி வரியை நாமாகக் கேட்டால்தான் தெரியும். நலமாகிவிட்டால் குதிரைக்காரர் வந்து சொல்ல மாட்டார், செத்துவிட்டாலும் சொல்ல மாட்டார்.

லாடம் அடிப்பவரோடு பழகுங்கள். குளம்பின் சூட்டையும் அதன் அடியில் தெரியும் வெள்ளைக் கோட்டில் வரும் ரத்தக்கறையையும் நமக்கு முன்னால் பார்ப்பவர் அவர்தான். பந்தயக் குதிரைக்குக் கருப்பட்டியும் தானியமும் அள்ளிக் கொடுத்துக் குளம்பு வெந்துபோவதை முதலில் அவரால்தான் தடுக்க முடியும். பரம்பரையாகக் குதிரை வைத்திருப்பவர்கள் சொல்வதையும் முழுதாகக் கேளுங்கள். "நேத்துல இருந்து தண்ணித்தொட்டிப் பக்கமே போகல" என்ற ஒரு சொல் உங்கள் பரிசோதனையில் பாதியை முடித்துவிடும்.

பந்தயக் காலம் தொடங்குவதற்கு முன் ஓர் ஊரில் பத்துக் குதிரைக்காரர்களைக் கூட்டி மூன்றே விஷயம் சொல்லுங்கள்: தீனியைத் தரையில் கொட்டாமல் தொட்டியிலோ பழைய டயரிலோ போடுவது, ரணஜன்னி ஊசி, வெக்கையில் தண்ணீர் ஊற்றும் முறை. அன்றைக்கே ஊசியையும் போட்டு, அடுத்த ஊசித் தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவிட்டு வாருங்கள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் தொலைந்துவிடும்.